கினிப் பன்றிக்குப் புல்தான் சோறு: வயிறு கெடாமல் தீனி போடும் முறை

கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. வாய்க்குள் போனது எதுவானாலும் முன்னோக்கி நகர்ந்துதான் வெளியே வந்தாக வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அங்கேயே புளித்து வாயு சேரும், வயிறு உப்பும். இன்று காலை ஓடியாடியது நாளைக் காலை இல்லாமல் போய்விடும். "திடீரென்று செத்துவிட்டது" என்கிறார்களே, அவற்றில் பல திடீர்ச் சாவே அல்ல. சில நாட்களுக்கு முன்பே, சில சமயம் சில வாரங்களுக்கு முன்பே, தீனித் தட்டில் தொடங்கியவை.

நமக்குச் சோறு எப்படியோ அப்படி அதற்குப் புல். காய்கறி தொட்டுக்கொள்ள. குச்சித்தீவனம் (கடையில் விற்கும் பெல்லட்) ஊறுகாய் அளவு. பழம் பண்டிகைப் பலகாரம். இந்த வரிசை தலைகீழாகும் வீடுகளில்தான் வயிற்றுக் கோளாறு வருகிறது. கடையில் ஒரு பொட்டலம் தீவனத்தைக் கையில் கொடுத்து "இதோடு கேரட் போடுங்க, போதும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அது போதவே போதாது.

வயிற்றுக்குள் நடப்பது

கினிப் பன்றிக்கு 20 பற்கள். முன்பற்கள் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். மெத்தென்ற தீனியே தின்று வளர்ந்தால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து, நாக்குக்கு மேல் பாலம் போல வளைந்துவிடும். பிறகு பசி இருந்தாலும் தின்ன முடியாது. தட்டருகே வரும், வாயில் எடுக்கும், கீழே போடும். பார்ப்பவருக்கு "தீனி பிடிக்கவில்லை போல" என்று தோன்றும். வயிற்றுக் கோளாறென்று நினைத்துக் கொண்டுபோனால் சிக்கல் வாயில் இருக்கும். வாயில் தொடங்கியது வயிற்றில் முடிவதும் உண்டு.

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. குடலில் உள்ளதில் பாதிக்கு மேல் இங்கேதான் கிடக்கும். புல்லின் நாரை உடைத்துச் சத்தாக்குபவை இந்தப் பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். இட்லி மாவு சரியாகப் புளிப்பதும் கெட்டு நாறுவதும் அதில் எந்த நுண்ணுயிர் ஓங்குகிறது என்பதைப் பொறுத்தது அல்லவா? இங்கும் அதே கதைதான். நார் வந்துகொண்டே இருந்தால் நல்லவை ஓங்கி இருக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் மொத்தமாக வந்து விழுந்தால் வாயுவையும் நஞ்சையும் உண்டாக்கும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். நார் இன்னொரு வேலையும் செய்கிறது. நீளமான, செரிக்காத நார்த்துண்டுகள் குடல் சுவரை உரசித் தள்ளுவதால்தான் குடல் அசைகிறது. நார் குறைந்தால் குடல் மந்தமாகும், மந்தமானால் பசி போகும், பசி போனால் குடல் இன்னும் மந்தமாகும்.

அது குனிந்து தன் ஆசனவாயிலிருந்தே மெத்தென்ற புழுக்கையை எடுத்துத் தின்பதைப் பார்த்து அருவருக்க வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். நுண்ணுயிர்கள் தயாரித்த பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. ஒரு நாளைக்குப் பல முறை இப்படிச் செய்யும்.

எந்தப் புல், எவ்வளவு

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் டிமோத்தி உலர்புல்லைச் சொல்லும். குளிர்நாட்டுப் புல் அது. இங்கே பெட்டியில் அடைத்து இறக்குமதியாகி வருகிறது, விலையும் அதற்கேற்பத்தான். வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கினிப் பன்றி வளர்க்கவே கூடாது என்றில்லை. அதன் பூர்வீகமான ஆண்டிஸ் மலைநாடுகளில், பெருவிலும் பொலிவியாவிலும், இறைச்சிக்காக வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அங்கே அது தின்பது அந்த ஊர்ப் பச்சைத் தீவனத்தைத்தான்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் (மாட்டுக்காரர்கள் கோ-4, கோ-5 என்பார்கள்), கினியாப் புல், கொழுக்கட்டைப் புல், அருகம்புல். கினியாப் புல்லுக்கும் கினிப் பன்றிக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு கிடையாது. புல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, விலங்கு தென்னமெரிக்காவிலிருந்து. இருந்தாலும் விரும்பித் தின்னும்.

ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றி பச்சைப்புல்லை மட்டும் நம்பி இருந்தால் ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் வரை தின்னும். உலர்புல் என்றால் 60 முதல் 70 கிராம். இது வாங்கி வைப்பதற்கான கணக்குதான். அளந்து போடுவதற்கான கணக்கு அல்ல. புல்லை மட்டும் அளக்கவே கூடாது. இரவு 2 மணிக்கு எழுந்து பார்த்தாலும் கூண்டில் புல் இருக்க வேண்டும். அது நாள் முழுக்க, இரவிலும்கூட, சிறுகச் சிறுகத் தின்கிற பிராணி.

நேப்பியரில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இலையின் ஓரம் அறுக்கும், தண்டில் சுணை இருக்கும். அதனால் இலையாகப் பார்த்து எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். பால்பண்ணையின் வெட்டு இயந்திரத்தில் பொடியாக நறுக்கிய புல் வேண்டாம். மென்று அரைக்கும் வேலை குறைந்துபோகும், குவியலில் சீக்கிரம் சூடேறியும் விடும். இரண்டாவது, நேப்பியரின் இளங்குருத்தில் ஆக்சலேட் உப்பு அதிகம். சிறுநீர்ப்பையில் கல் கட்டும் தன்மையுள்ள இந்தப் பிராணிக்கு அது நல்லதல்ல. வெட்டி விட்டு 45 நாள் கழித்து அறுக்கிற புல் போதும். முடிந்தவரை ஒரே புல்லாகப் போடாமல் இரண்டு மூன்று வகையைக் கலந்து போடுங்கள்.

அருகம்புல் அதற்கு மிகவும் பிடிக்கும். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக்கட்டாக விற்பதை வாங்கலாம். ஆனால் வாடாமல் இருக்கக் கூடையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருப்பார்கள், அடிக்கட்டு அழுகியிருக்கும். கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்த பிறகே காசு கொடுங்கள். சாலையோரம் பிடுங்குவது தெருநாய் சிறுநீரும் வண்டிப் புகையும் படிந்தது. வயலோரம் பிடுங்கினால் எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் நாலு பழைய தொட்டியில் அருகம்புல் வளர்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

மாட்டுக்குப் போடுவதெல்லாம் இதற்கும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். இளஞ்சோளப் பயிர் மாட்டையே கொல்லும், வறட்சியில் வாடிய சோளம் இன்னும் மோசம். இரண்டிலும் சயனைடு நஞ்சு ஊறும். மரவள்ளி இலையிலும் அதே நஞ்சு உண்டு. முயலுக்கும் ஆட்டுக்கும் போடுகிற சூபாபுல் தழையில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. அசை போடாத விலங்குகளுக்கு அதனால் முடி கொட்டும். குதிரை மசால் நல்ல தீவனம்தான். ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் பாலூட்டும் தாய்க்கும் புல்லோடு கலந்து ஒரு பிடி போடலாம். வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் கல்லாகத் திரும்பி வரும். வைக்கோல் கீழே விரிக்க ஏற்றது. கொறித்தால் பரவாயில்லை, ஆனால் அதில் சத்து ஒன்றுமில்லை.

அறுத்த பச்சைப்புல்லைக் குவித்தோ சாக்கில் திணித்தோ வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் நடுவில் கை விட்டுப் பாருங்கள், சுடும். அது புளிக்கத் தொடங்கிய சூடு. ஈரமான புல் வயிற்றை உப்ப வைக்கும் என்று சொல்வார்கள். கழுவி உதறிய புல்லால் எதுவும் ஆகாது. உப்ப வைப்பது சூடேறிய குவியல்தான். வந்தவுடன் தரையில் பரப்பி, நிழலில் காற்றாட விடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் அரைபட்டு விழுந்த துருவல் எக்காலத்திலும் வேண்டாம். அரைபடும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும்.

வீட்டிலேயே உலர்புல்

மழைக்காலத்துக்கு இதுதான் கைகொடுக்கும். பிப்ரவரியிலிருந்து மே வரை நல்ல வெயில் இருக்கும்போது செய்துவைத்தால், ஐப்பசி அடைமழையில் நனைந்த புல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பூ எடுக்கும் தறுவாயில் உள்ள புல்லை, பனி உலர்ந்த பிறகு, காலை 9 மணிக்கு மேல் வெட்டுங்கள். நேப்பியர் என்றால் தடித்த தண்டை ஒதுக்கிவிடுங்கள். இலை காய்ந்தாலும் தண்டுக்குள் ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சை தொடங்கும். மொட்டை மாடியில் பழைய வேட்டியையோ சாக்கையோ விரித்து, இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் முன் வாரிவிட வேண்டும். இரண்டாம் நாள் நேர்வெயில் வேண்டாம், நிழலில் காற்றில் காயட்டும். அதிக வெயில் பட்டால் பச்சை வெளுத்து, மணம் போய், வெறும் சருகாகிவிடும்.

பதம் பார்க்க ஒரு பிடியை எடுத்துக் கயிறு போல் முறுக்குங்கள். ஓரிரு நார் ஒடிய வேண்டும், ஈரம் தட்டக் கூடாது. முறுக்கியும் ஒடியாமல் துவண்டால் இன்னும் அரை நாள் போகட்டும். தொட்டவுடன் பொடியானால் அதிகம் காய்ந்துவிட்டது. 10 கிலோ பச்சைப்புல்லுக்கு 2 கிலோ சொச்சம் உலர்புல் தேறும்.

சணல் சாக்கில் தளர்வாக நிரப்பி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எடுக்கும்போதெல்லாம் முகர்ந்து பாருங்கள். டீத்தூள் போல, வெயில் போல மணக்க வேண்டும். மக்கிய நெடி வந்தாலோ, உதறும்போது வெள்ளைத் தூள் பறந்தாலோ, அந்தச் சாக்கு முழுவதையும் குப்பையில் கொட்டுங்கள். நல்லதைப் பொறுக்கி எடுத்துப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

வைட்டமின் சி

நம்மைப் போலவே கினிப் பன்றியின் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தானியத்தை மட்டும் போட்டு வளர்த்த கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி (வைட்டமின் சி குறைந்தால் வரும் நோய்) வந்ததைக் கண்டுதான், அந்த நோய் உணவுக் குறைவால் வருகிறது என்பதற்குச் சோதனைச் சான்று கிடைத்தது. அன்று அவற்றுக்கு நடந்ததுதான் இன்றும் கோதுமையும் பொட்டுக்கடலையும் போட்டு வளர்க்கும் வீடுகளில் நடக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கும், நொண்டும், தொட்டால் கத்தும், ஈறு கசியும், முடி சிலிர்த்து நிற்கும். பேதியும் அதன் அறிகுறிதான். வயிற்றுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கும்போது உண்மையில் குறைவது இதுவாக இருக்கலாம்.

வளர்ந்த பிராணிக்கு எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. சினையாக இருந்தால் 30-க்குக் குறையக் கூடாது. சுலபமான வழி குடைமிளகாய். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் 80 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், சிவப்பிலும் மஞ்சளிலும் இன்னும் அதிகம். ஆக இரண்டு விரல் அகலத் துண்டு, சுமார் 25 கிராம், ஒரு நாளைக்குப் போதும். விதையையும் காம்பையும் எடுத்துவிடுங்கள். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவில் உண்டு, ஆனால் பழம் என்பதால் சர்க்கரையும் கூடவே வரும். வாரம் இரண்டு நாள், பத்துப் பத்து கிராம், விதைப்பகுதி இல்லாமல். நெல்லிக்காயில் இதைவிட அதிகம், கட்டைவிரல் நகமளவு சீவலே தாராளம். புளிப்பால் பல கினிப் பன்றிகள் தொடாது, வற்புறுத்தவும் வேண்டாம்.

தண்ணீர்ப் புட்டியில் சொட்டு மருந்து கலப்பது வீண் வேலை. வெளிச்சத்திலும் சூட்டிலும் சில மணி நேரத்தில் சத்து குறைந்துவிடும். தண்ணீரின் ருசி மாறியதால் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். நேராக வாயில் கொடுங்கள். புட்டியில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஊசியில்லாத சிரிஞ்சில் 0.2 மில்லி எடுத்தால் போதும்.

காய்கறி, கீரை, குச்சித்தீவனம்

காய்கறி ஒரு பிராணிக்கு ஒரு நாளைக்கு ஒரு காப்பித் தம்ளர் அளவு, அதாவது 50 முதல் 80 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மீந்ததை எடுத்துவிட வேண்டும், நம் ஊர் வெக்கையில் அதற்குமேல் தாங்காது.

அன்றாடத்துக்கு ஏற்றவை குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, கொஞ்சம் வெள்ளரிக்காய். மக்காச்சோளக் கதிரை உரித்ததும் தூக்கிப் போடுகிறோமே, அந்தப் பச்சை மட்டையும் பட்டுநாரும் அருமையான தீனி. நார் மிகுதி, செலவும் இல்லை. உள்ளே இருக்கும் முத்துகள் மட்டும் கூடாது.

கீரை என்றாலே நல்லது என்ற நம் பழக்கம் இங்கேதான் இடிக்கிறது. முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். மனிதருக்கு நல்லதாகும் அதே குணம் கினிப் பன்றிக்குக் கெடுதல். அதன் குடல் தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்பையும் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். சிறுநீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடி போல வெள்ளையாகப் படிந்தால் இதைக் குறையுங்கள். முளைக்கீரை, அரைக்கீரை, பாலக் போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். வாரத்துக்கு ஒரு முறை நாலு இலை என்றால் பாதகமில்லை. கட்டுக்கட்டாகத் தினமும் கூடாது.

முட்டைகோஸும் காலிஃபிளவரும் வாயுப் பொருள்கள். கொஞ்சம் கொடுத்துப் பழக்கலாம் என்பவர்கள் உண்டு. ஏற்கெனவே ஒரு தடவை வயிறு உப்பிய பிராணிக்கு மட்டும் அவற்றின் பக்கமே போக வேண்டாம். கேரட்டில் சர்க்கரை உண்டு, வாரம் இரண்டு நாள் ஒரு விரல் துண்டு போதும். தர்ப்பூசணியைச் சித்திரை வெயிலுக்குக் குளிர்ச்சி என்று அரைப் பழம் வைத்து, மறுநாள் பேதியோடு ஓடி வருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டிச் சதை, அவ்வளவுதான். அதைவிட வெளியே இருக்கும் பச்சைத் தோலை நன்றாகக் கழுவிச் சிறு துண்டாகப் போடுவது மேல்.

குச்சித்தீவனம் தினம் ஒரு மேசைக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை. 15 முதல் 20 கிராமைத் தாண்ட வேண்டாம். கினிப் பன்றிக்கென்றே தயாரித்ததாக, ஒரே நிறக் குச்சிகளாக இருக்கட்டும். சூரியகாந்தி விதையும் சிவப்பு பச்சை உருண்டைகளும் கலந்த பாக்கெட்டில் ருசியானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை ஒதுக்கிவிடும். முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. கோழித்தீவனத்தில் மருந்து கலந்திருக்கலாம், தானியமும் அதிகம். இரண்டும் வேண்டாம். தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் கடந்தால் வைட்டமின் சி பெருமளவு போயிருக்கும், பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி.

போடவே கூடாதவை

சோறு, சப்பாத்தி, ரொட்டி, பிஸ்கட், பொரி. இவைதான் அதிகக் கெடுதல் செய்பவை, ஏனென்றால் இவைதான் எப்போதும் கையருகில் இருக்கின்றன. "ஆசையாகத் தின்கிறதே" என்பது ஒரு சான்று அல்ல. பாலும் தயிரும் கூடாது. தயிரில் நல்ல கிருமி இருப்பது உண்மை, ஆனால் அது இந்தக் குடலில் குடியிருக்கும் கிருமி இல்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, காய்ந்த பயறு, நிலக்கடலை கூடாது. பூஞ்சை பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்லடாக்சின் இதன் கல்லீரலைச் சீக்கிரம் தாக்கும். தோட்டத்தில் உலவ விட்டால் அரளி, உண்ணிச்செடி, பார்த்தீனியம், சேம்பு இலை எதுவும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது மருந்து. வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கால் மாத்திரை கரைத்துக் கொடுத்தால் கினிப் பன்றி செத்துப்போகலாம். மிகையாகச் சொல்லவில்லை. பென்சிலின் வகைகள், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே வைத்தியம் பார்த்துப் பழகிய மருத்துவர் அவசரத்தில் இதை எழுதிவிடக்கூடும். சீட்டில் மருந்துப் பெயரைப் பார்த்து, "இது கினிப் பன்றிக்கு ஒத்துக்கொள்ளுமா" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. புண்ணில் தடவும் களிம்பையும் நக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மாற்றும்போது அவசரம் கூடாது

நல்ல தீனிக்கே மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். குருட்டுக்குடல் பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக நாளாகும். வாங்கும்போதே அங்கே என்ன போட்டார்கள் என்று கேட்டு, அதே தீனியில் ஒரு கிலோவும் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அதுவேதான், கூடப் புல் மட்டும் எப்போதும். இரண்டாம் வாரத்தில் கால் பங்கைப் புதியதாக மாற்றுங்கள், மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். மொத்தம் 10 முதல் 14 நாள். உலர்புல்லிலேயே வளர்ந்ததைப் பச்சைப்புல்லுக்குக் கொண்டுவரவும் இதே கணக்குதான். முதல் நாள் ஒரு கைப்பிடி, தினம் கொஞ்சம் கூட்டுங்கள்.

புதுக் காய்கறி என்றால் ஒரு நேரத்தில் ஒன்று. நகமளவு கொடுத்து, புழுக்கை மாறுகிறதா என்று மறுநாள் பார்த்து, ஐந்தாறு நாள் கழித்தே அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டைச் சேர்த்துத் தொடங்கிப் பேதியானால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. குட்டியில் பார்க்காத தீனியை வளர்ந்த பிறகு தொட மறுப்பது இதன் சுபாவம். புல்லையே தின்னாமல் வளர்ந்த ஒன்றுக்கு, ஏற்கெனவே புல் தின்னும் இன்னொன்றைத் துணையாக விடுவதுதான் எல்லா உபாயத்திலும் மேலானது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பூனை நாய்க்கு ஒரு வேளை பட்டினி ஒன்றும் செய்யாது, இதற்குச் செய்யும். பருத்த சினைப் பிராணி என்றால் பட்டினியாலேயே செத்துவிடக்கூடும்.

தண்ணீரும் வெயிலும்

எடையில் கிலோவுக்கு 100 மில்லி சுமாராகக் குடிக்கும். உலர்புல் தின்றால் கூடும், பச்சைப்புல் தின்றால் குறையும். குழாய்ப் புட்டியின் முனையில் உள்ள குண்டு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்திருக்கும், ஒரு சொட்டும் வராது. தினமும் காலையில் விரலால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் போனால் முதலில் தின்பது குறையும், பிறகு குடல் காய்ந்து நின்றுவிடும்.

30 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் போனால் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். அக்கினி நட்சத்திர நாட்களில் வயிற்றுக் கோளாறு கூடுவதற்கு இதுவும் காரணம். தகரக் கூரையின் கீழும் மூடிய பால்கனியிலும் கூண்டை வைக்காதீர்கள். வீட்டின் வடக்குப் பக்க அறை, தரையில் ஒரு ஈரமான மண் ஓடு அல்லது கருங்கல் பலகை, நேரே மேலே படாத மின்விசிறி போதும். தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அதிகமாக வையுங்கள்.

புழுக்கையைப் படியுங்கள்

வயிற்றின் நிலவரத்தை முதலில் சொல்வது புழுக்கைதான். ஒரே அளவில், நீளுருண்டையாக, கரும்பழுப்பாக, லேசான ஈரப்பசையோடு, நூற்றுக்கும் மேல் தினமும் விழ வேண்டும். சிறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராகக் கண்ணீர்த்துளி போல் ஆனால் நார் போதவில்லை அல்லது தண்ணீர் போதவில்லை. மாலை கோத்தது போல் முடியால் இணைந்து வந்தால் தன் முடியை விழுங்குகிறது, புல்லைக் கூட்டுங்கள். மெத்தென்று நசுங்கினால் காய்கறி அதிகம். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் அன்றே கவனியுங்கள். வயதான ஆண்களில் ஆசனவாயருகே புழுக்கை உருண்டையாகச் சேர்ந்து நின்றுவிடுவதுண்டு, வாரம் ஒரு முறை அங்கேயும் பாருங்கள்.

இன்னொன்று எடை. சமையலறைத் தராசில், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். வளர்ந்ததன் எடை 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் காரணம் தேட வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். முடி அடர்ந்த உடம்பில் இளைப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கோளாறு வந்துவிட்டால்

புழுக்கை மெத்தென்று ஆகியும் பிராணி சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால், காய்கறியையும் குச்சித்தீவனத்தையும் 24 மணி நேரம் நிறுத்துங்கள். உலர்புல்லும் தண்ணீரும் மட்டும், வைட்டமின் சி சொட்டு மருந்தாக. பெரும்பாலும் அடங்கிவிடும். தண்ணீராகப் போனால் அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவர், மறுநாள் வரை பார்க்கலாம் என்பது கிடையாது.

ஒரு மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்து, முடி சிலிர்த்து, பல்லை நறநறவென்று கடித்தால் அது வலி. வயிற்றின் இரு பக்கமும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மாவைப் போல் அமுங்கினால் குடல் மந்தம். இறுகி, சுண்டினால் மத்தளம் போல் ஒலித்தால் வாயு அடைத்திருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியம். மத்தள வயிற்றுக்கு வாய்வழியாக எதையும் ஊட்டக் கூடாது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓமத் தண்ணீர், குழந்தைகளுக்கான வயிற்றுவலி மருந்து, பேதி நிறுத்தும் மாத்திரை எதையும் முயன்று பார்த்து அந்த நேரத்தை இழக்காதீர்கள்.

வயிறு மெத்தென்று இருந்து, தின்பது மட்டும் நின்றிருந்தால், மருத்துவரைப் பார்க்கும் வரை கையால் ஊட்டலாம். வழக்கமான குச்சித்தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நன்றாக அரைத்து, கூழாகக் கரையுங்கள். 1 மில்லி சிரிஞ்சை முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக வைத்து, சிறிது சிறிதாக உள்ளே விடுங்கள். மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. மல்லாக்கப் பிடிக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒரு வேளைக்கு 10 மில்லி, நாளைக்கு ஆறு வேளை, கிலோ எடைக்கு 50 முதல் 80 மில்லி வரை. 12 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை என்றால் ஊட்டிக்கொண்டே காத்திருப்பது போதாது.

எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் இந்தப் பிராணியைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் அருகில் இருந்தால் அங்கே போகலாம். உடல்நலத்தோடு இருக்கும்போதே உங்கள் பக்கத்தில் யார் முயல், கினிப் பன்றி பார்க்கிறார்கள் என்று விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். இரவு 11 மணிக்குத் தேடினால் கிடைக்காது. போகும்போது எடை எழுதிய நோட்டையும், கடைசியாக விழுந்த புழுக்கையில் நாலைந்தை ஒரு சின்னக் கவரிலும், கடந்த ஒரு வாரத்தில் போட்ட தீனியின் பட்டியலையும் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் அது தினமும் தின்கிற அதே புல்லில் இரண்டு பிடியை வையுங்கள். துணை இருந்தால் துணையையும் சேர்த்து எடுத்துப்போங்கள். பக்கத்தில் ஒன்று தின்றால் நோயாளியும் வாய் வைத்துப் பார்க்கும்.